மலை மேல் சென்சார், பெட்டிக்குள் பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மண் ஈரம், இலை ஈரம், மழை, வெப்பநிலை அளக்கும் கருவிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் வேலையில் பாதி. தோட்டக்காரர்கள் ஒரு பக்கம், கடைசி வருடப் புராஜெக்டுக்காக வரும் மாணவர்கள் ஒரு பக்கம். இரண்டு தரப்பும் சுற்றிச் சுற்றி ஒன்றையேதான் கேட்கிறார்கள்: பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது, மெஷின் லேர்னிங் (பழைய பதிவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை) போட்டால் தீராமல் இருக்குமா? போனில் ஒவ்வொருவருக்கும் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சென்சார் வலையமைப்பு என்கிறீர்களே, தோட்டத்தில் அது என்னதான் செய்கிறது?

ஒரு கையளவுப் பெட்டி. உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (குட்டிக் கணினிச் சிப்), ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி. வெளியே ஒன்றிரண்டு சென்சார். இதை நோடு என்போம். தோட்டம் முழுக்க இப்படிப் பத்துப் பதினைந்து நோடுகள் நிற்கும். ஒவ்வொன்றும் கால் மணிக்கு ஒரு முறையோ ஒரு மணிக்கு ஒரு முறையோ விழித்து, அளந்து, பங்களாவில் இருந்து எல்லா நோடின் அளவுகளையும் வாங்கிக்கொள்ளும் கேட்வே என்ற பெட்டிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பத் தூங்கும்.

இதனால் என்ன பயன் என்றால், இலைத் துரு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூஞ்சையின் வித்து முளைக்க இலை மேல் தண்ணீர் நிற்க வேண்டும். எந்தச் சரிவில், எத்தனை மணி நேரம் இலை நனைந்தே இருந்தது என்று தெரிந்தால், மருந்து எங்கே, எப்போது அடிப்பது என்று முடிவெடுக்கலாம். கோடையில் காப்பி பூக்கப் பெய்யும் மழையும் அப்படித்தான். மேல் பிளாக்கில் போதுமான மழை விழுந்து, கீழ்ப் பிளாக்கில் வெறும் தூறலோடு நின்றிருக்கும். ஸ்பிரிங்ளர் போடுவதா வேண்டாமா என்பதை அந்த வித்தியாசம்தான் முடிவு செய்யும்.

ஒரு நல்ல பேட்டரி போட்டுவிட்டால் போதாதா? எதற்கு இத்தனை பேச்சு?

போதும், கணக்குச் சரியாக இருந்தால். பெரும்பாலும் இருப்பதில்லை. எல்லோரும் போடும் 18650 என்ற லித்தியம் அயன் செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 2600 மில்லி ஆம்பியர் மணி. நோடு தூங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 0.24 மில்லி ஆம்பியர் மணி. அந்தக் கணக்கில் பேட்டரி வருடக்கணக்கில் வர வேண்டும். நடப்பில் மூன்று வாரத்தில் படுத்துவிடுகிறது.

இப்படிப் படுத்ததில் நானே அடிபட்டிருக்கிறேன். முதன்முதலில் மலைக்குக் கொண்டுபோன நோடுகள் மூன்றாவது வாரம் ஒவ்வொன்றாக வாயை மூடின. நிரலில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். நிரலில் ஒன்றுமில்லை, போர்டில் இருந்தது. கடையில் வாங்கிய டெவலப்மென்ட் போர்டில் ஏ.எம்.எஸ். 1117 என்ற ரெகுலேட்டர் (வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் சிப்) இருக்கும். சிப் தூங்கினாலும் இது தூங்காது. தன் பங்குக்குச் சும்மாவே 5 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். 24 மணி நேரத்துக்கு 120 மில்லி ஆம்பியர் மணி. 2600-ஐ 120-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ மூன்று வாரம்.

மெஷின் லேர்னிங் பற்றிக் கேட்க வருபவர்களிடம் முதலில் ஒரு மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, தூக்கத்தில் எவ்வளவு போகிறது என்று அளந்து வரச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஓட்டைப் பானைக்கு எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தண்ணீர் ஊற்றி என்ன?

ரேடியோதான் அதிகம் தின்னும் என்று பாடத்தில் படித்தோமே அண்ணா?

பாடம் தப்பில்லை. பழைய ஆராய்ச்சி நோடுகளில் இருந்த சி.சி. 2420 ரேடியோ, அனுப்பும்போது 17.4 மில்லி ஆம்பியர் எடுக்கும். யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது 18.8 எடுக்கும். பேசுவதைவிடக் கேட்பதற்கு அதிகம்! அதனால்தான் அந்தக் காலத்து ஆய்வுகள் முழுக்க "ரேடியோவை எப்போது அணைப்பது" என்பதையே சுற்றின.

தோட்டத்தில் கதை வேறு. நாங்கள் போடும் ஒரு வகை மண் சென்சாருக்கு 12 வோல்ட் வேண்டும். பேட்டரியின் 3.7 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்க வேண்டும், சென்சார் நிலைக்கு வர 5 நொடி காத்திருக்க வேண்டும். அந்த 5 நொடியும் பேட்டரியிலிருந்து 100 மில்லி ஆம்பியர் போவதாக வைத்துக்கொள்வோம். கால் மணிக்கு ஒரு முறை அளந்தால் நாளைக்கு 96 தடவை. கணக்குப் போட்டால் நாளைக்கு 13 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல். அதே நோடில் லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் வகை), மிக மோசமான நிலையில்கூட ஒரு தடவைக்கு ஒன்றரை நொடி, 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் நாளைக்கு 1.6 தான். சென்சார் ரேடியோவைவிட எட்டு மடங்கு தின்கிறது.

மண் ஈரம் கால் மணிக்குக் கால் மணி மாறுகிற சங்கதியா? மழை பெய்தாலொழிய இல்லை. ஆகவே சாதாரணமாக மணிக்கு ஒரு முறை, மழைமானிக்குள் தண்ணீர் நிறைந்தால் சாயும் குட்டி வாளி ஒரு தடவை சாய்ந்தால் உடனே விழித்து அடிக்கடி. இந்த ஒரு மாற்றத்தில் சென்சாரின் பங்கு கால் பங்காகக் குறையும். ஒரே செல்லில் ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வந்த நோடு, கணக்குப்படி ஒரு வருடத்தைத் தாண்டும். இதில் எந்தக் கற்றலும் இல்லை, மண்ணைப் பற்றிய பொது அறிவுதான்.

அப்படியானால் மெஷின் லேர்னிங் எங்கேதான் வேண்டும்? வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும். ஆனால் கணக்குப் போட்டே தீர்க்க முடிந்த இடத்தில் வேண்டாம். நாளை என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில்தான் வேண்டும். ஏற்காட்டில் அந்த இடத்தின் பெயர் பனி.

1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காலை பத்து மணிக்குக் கண்ணைக் கூசும் வெயில். பதினொன்றரைக்கு எதிரே நிற்பவர் தெரியாத மூட்டம். தென்மேற்குப் பருவத்தில் இப்படி நாள் கணக்கில் போகும், வடகிழக்குப் பருவத்தில் மழையோடு சேர்ந்து வரும். சோலாரை நம்பி நிற்கும் நோடுக்கு, இன்று செலவழிக்கலாமா, நாளைக்கு என்று முடிந்து வைக்க வேண்டுமா என்பது வாழ்வா சாவா கேள்வி.

சோலார் பேனல்தான் போட்டாயிற்றே, பிறகென்ன?

எங்கே போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். காப்பி நிழலில் வளரும் செடி. மேலே சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி. சென்சார் செடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பேனலுக்கு வானம் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது. கம்பம் நட்டு, நிழல் கிளை வெட்டும் சமயம் பார்த்து, ஒயரை இழுத்து மேலே கொண்டுபோனால்தான் உண்டு.

இன்னொன்று. இந்தியாவில் பேனலைத் தெற்குப் பார்த்து வை என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்காடு பூமத்திய ரேகையிலிருந்து 12 பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஆரம்பித்து ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வெயிலுக்குப் பஞ்சமான தென்மேற்குப் பருவம் இந்த மாதங்களில்தான் வருகிறது. அதனால் நான் அதிகம் சாய்ப்பதில்லை, தண்ணீரும் சருகும் வழுக்கி விழும் அளவுக்கு மட்டும்.

நாளைய வெயிலை ஒரு சின்னப் பெட்டி எப்படிக் கணிக்கும்?

நேற்றைய நினைவை வைத்து. 2007-ல் அமன் கன்சல், மணி ஸ்ரீவஸ்தவா உள்ளிட்டோர் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியிட்ட கட்டுரையில் சொன்ன வழி இன்றைக்கும் என் முதல் தேர்வு. ஒரு நாளை 48 அரை மணித் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பேனல் எவ்வளவு தந்தது என்பதற்கு ஒரு சராசரி வைத்துக்கொள்ளுங்கள். புது நாள் வந்ததும் பழைய சராசரியில் பாதி, இன்றைய அளவில் பாதி சேர்த்தால் புதிய சராசரி. பதினொரு மணித் துண்டின் சராசரி 80 மில்லி ஆம்பியர், இன்று பனியால் 20 தான் வந்தது என்றால் நாளைக்கு 50 என்று எதிர்பார்க்கும். அதற்கடுத்த நாளும் 20 என்றால் 35. பழசை மெல்ல மறக்கும், புதுசை மெல்ல நம்பும். நினைவகத்தில் 48 எண்கள், அவ்வளவுதான்.

குறையும் தெரிகிறதல்லவா? பனி வந்த முதல் நாள் அது ஏமாறும், பனி விலகிய முதல் நாளும் ஏமாறும். ஏற்காட்டில் முதல் நாட்கள்தான் அதிகம். இதற்கு ஒரு திருத்தம் உண்டு. இன்று காலையிலிருந்து வந்த வெயில், கடந்த சில நாட்களில் இதே நேரத்தில் வந்த வெயிலில் எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கால் அடுத்த துண்டின் சராசரியைப் பெருக்குவது. காலை எட்டு, எட்டரை, ஒன்பது மூன்றிலும் வழக்கத்தில் பாதிதான் வந்தது என்றால் ஒன்பதரைக்கும் பாதியை எதிர்பார். பாட்டி வானத்தைப் பார்த்து நெல்லை உள்ளே எடுப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இதற்கும் மேலே போக வேண்டுமானால்தான் கற்றல். நோடில் ஏற்கனவே வெப்பநிலை, ஈரப்பதம், இலை ஈரம் எல்லாம் இருக்கின்றன. விடியற்காலை ஈரப்பதம், நேற்று மாலை மழை, எந்த மாதம், காலை முதல் ஒரு மணி நேர வெளிச்சம் ஆகியவற்றைக் கொடுத்து, இன்று வெயில் நாளா, கலந்த நாளா, பனி நாளா என்று மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், கேள்வி மேல் கேள்வியாகக் கிளை பிரிந்து முடிவு சொல்லும் ஒரு சின்ன முடிவு மரமே போதும். மில்லி ஆம்பியர் வரைக்கும் துல்லியமாகக் கணித்து யாருக்குக் கொடுக்கப் போகிறோம்?

கணிப்பு தவறினால்?

தவறும். எந்தப் பக்கம் தவறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். புராஜெக்ட் அறிக்கைகளில் நான் அதிகம் சண்டை போடும் இடம் இதுதான்.

வெயில் வரும் என்று சொல்லி வராமல் போனால் நோடு செத்துப்போகும். யாராவது இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சரிவில் இறங்கி, அட்டைக் கடியோடு போய் எழுப்ப வேண்டும். வராது என்று சொல்லி வந்துவிட்டால், சில மணி நேரம் அளவுகள் குறைவாகக் கிடைக்கும். அவ்வளவுதான். இரண்டு தவறுக்கும் ஒரே விலையா? மாணவர்கள் கொண்டுவரும் மாடல் சராசரிப் பிழையைக் குறைக்கப் பழகியிருக்கும். அதாவது இரண்டுக்கும் ஒரே விலை போட்டிருக்கும். "பிழை 8 சதவீதம்தான் அண்ணா" என்பார்கள். அந்த 8 எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பார்கள்.

பயிற்சியிலேயே மிகையாகச் சொல்வதற்கு நாலைந்து மடங்கு தண்டனை வையுங்கள். அல்லது நடுக் கணிப்பை விட்டு, பத்துக்கு ஒன்பது நாள் உண்மை அளவு இதற்கு மேலேதான் இருக்கும் என்னும் கீழ்க் கணிப்பைச் சொல்லப் பழக்குங்கள். வீட்டுச் செலவுக்குப் பட்ஜெட் போடுகிறவர் வராத பாக்கியை வரவில் சேர்ப்பாரா?

சரி, கணித்தாயிற்று. நோடு அதை வைத்து என்ன செய்யும்?

வரவுக்குள் செலவு. சில நாட்களைச் சேர்த்துப் பார்க்கும்போது பேனல் கொடுத்ததைவிட நோடு அதிகம் எடுத்திருக்கக் கூடாது. இதுதான் கொள்கை. கையில் இருக்கும் திருகுகள் மூன்று: எத்தனை முறை அளப்பது, எத்தனை முறை அனுப்புவது, எவ்வளவு சத்தமாக அனுப்புவது. பனி நாள் என்றால் அளப்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அனுப்புவது நான்கு அளவைச் சேர்த்து ஒரு முறை. வெயில் நாள் என்றால் தாராளம்.

ஒன்றை மட்டும் மாடல் கையில் விடாதீர்கள்: மழைமானி. வாளி சாய்ந்தால் விழிப்பது நேரே கம்பி வழியாகவே நடக்கட்டும், நிரல் அதில் தலையிட வேண்டாம். இலை ஈரத்தையும் ராத்திரியில் அடியோடு நிறுத்தக் கூடாது. பனியும் இலை ஈரமும் ஒன்றாகத்தான் வரும். மின்சாரம் குறைவான அதே நாட்களில்தான் துரு நோய்க்கான அளவு அதிகம் தேவைப்படும். மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த அளவையே விட்டுவிட்டால் பேட்டரி மட்டும் நிறைந்திருந்து என்ன லாபம்?

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் போட்டால் இதெல்லாம் தானாகவே கற்றுக்கொள்ளாதா?

கற்றுக்கொள்ளும். செய்து பார்த்து, கிடைக்கும் பரிசு மதிப்பெண்ணைக் கொண்டு எது நல்லது என்று கற்பதுதான் அந்த முறை. ஆனால் எதைக் கற்றுக்கொடுத்தீர்கள் என்பதில் கவனம்.

பேட்டரியின் அளவைப் பத்துப் படிகளாக, வானத்தை நாலு வகையாக, செய்யக்கூடியதை ஐந்து வகையாகப் பிரித்தால் 200 கட்டங்கள் உள்ள ஓர் அட்டவணை. கட்டத்துக்கு இரண்டு பைட் என்றால் 400 பைட். வாட்கின்ஸ் 1989-ல் சொன்ன க்யூ லேர்னிங் என்ற வழி இந்த அட்டவணையை அனுபவத்தால் நிரப்பும். எந்த மைக்ரோகண்ட்ரோலரிலும் அடங்கும். அழகான விஷயம், மறுக்கவில்லை.

ஆனால் அனுபவத்துக்கு எங்கே போவது? மணிக்கு ஒரு முடிவு என்றால் நாளைக்கு 24 அனுபவம். "பேட்டரி கீழே, நாலாவது நாளும் பனி" என்ற கட்டம் வருடத்தில் எத்தனை தடவை வரும்? கற்று முடிப்பதற்குள் அடுத்த பருவம் வந்துவிடும். நடுவில் தப்பு செய்து பார்த்துக் கற்கிறேன் என்று நோடு தன்னைத்தானே கொன்றும் கொள்ளும். போன வருடப் பதிவை வைத்துக் கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை ஓட்டிப் பழக்கி, முடிந்த அட்டவணையை மட்டும் மலைக்கு அனுப்புவதே சரி.

பரிசுக் கணக்கில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நாள் முடிவில் பேட்டரி எவ்வளவு மிச்சமோ அவ்வளவு மதிப்பெண் என்று வைத்தேன். நிரல் வெகு சீக்கிரம் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தது: எதையும் அளக்காமல், எதையும் அனுப்பாமல் தூங்குவது. முழு மதிப்பெண். வேலைக்கு வராதவனுக்குச் சம்பளம் கொடுத்தால் யார் வருவார்கள்?

"மாற்றம் இருந்தால் மட்டும் அனுப்பு" என்கிறார்களே, அது என்ன?

வெளியூரில் படிக்கிற பிள்ளையிடம் "போன் வரலைன்னா நல்லா இருக்கேன்னு வச்சுக்கோங்க" என்ற ஏற்பாடு. நோடிலும் கேட்வேயிலும் ஒரே கணிப்பு மாடல் ஓடும். அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்று இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும். நோடு உண்மையில் அளந்து பார்த்து, கணிப்புக்குப் பக்கத்தில் இருந்தால் வாயைத் திறக்காது. விலகினால் மட்டும் அனுப்பும், இரண்டு மாடலும் அதை வைத்துத் திருத்திக்கொள்ளும். மண் ஈரம், வெப்பநிலை போன்ற மெதுவான அளவுகளுக்கு அருமையாக வேலை செய்யும்.

அந்த ஏற்பாட்டில் அம்மாவுக்கு என்ன பயமோ அதே பயம்தான் இங்கேயும். மௌனம் என்றால் நலமா, போன் தொலைந்துவிட்டதா? அதனால் எது எப்படி இருந்தாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று ஒரு சின்னச் செய்தி வர வேண்டும், அதில் பேட்டரி வோல்ட்டேஜும் வர வேண்டும். இன்னொன்று, அனுப்பாமல் இருந்தால் ரேடியோவின் செலவுதான் மிச்சம். சென்சாரை எழுப்பி அளந்த செலவு அளந்ததுதான். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் இது உங்களுக்கு எவ்வளவு மிச்சம் தரும் என்று தெரியும்.

லோராவில் ஸ்பிரெடிங் ஃபேக்டர் 12 வைத்தால் தூரம் போகும் என்று எல்லா நோடுக்கும் 12 வைத்துவிட்டோம். சரியா?

கத்திப் பேசினால் கேட்கும் என்று பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமும் கத்துவது போல. ஸ்பிரெடிங் ஃபேக்டர் என்பது ஒரே செய்தியை எவ்வளவு நேரம் நீட்டிச் சொல்வது என்ற அளவு. 10 பைட் அளவை அனுப்ப, ஸ்பிரெடிங் ஃபேக்டர் 7-ல் ரேடியோ சுமார் 60 மில்லிசெகண்ட் திறந்திருக்கும். 12-ல் ஒன்றரை நொடிக்குப் பக்கம். ஏறத்தாழ 24 மடங்கு மின்சாரம். அதோடு, ஒரு நோடு அத்தனை நேரம் பேசும்போது மற்றது பேசினால் இரண்டும் மோதி வீணாகும்.

எந்த நோடுக்கு எந்த அளவு போதும் என்பதை லோரா வலையமைப்புக்கான விதித்தொகுப்பான லோராவான் நெறியே சமிக்ஞையின் தரத்தைப் பார்த்து மாற்றிக் கொடுக்கும். அது வெறும் விதி, கற்றல் இல்லை. நகராத நோடுக்கு அதுவே போதும். மழையில் நனைந்த இலைக்கூட்டம் சமிக்ஞையைக் கூடுதலாக உறிஞ்சுவதால் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் மாறும், அதையும் அது பிடித்துவிடும். இந்த விஷயத்தில் என் அனுபவத்தில் எந்த மாடலையும்விட நல்ல பலன் கொடுத்தது, கேட்வேயின் ஆன்டெனாவைப் பங்களா ஓட்டுக்கு மேலே ஒரு ஆள் உயரம் தூக்கியது. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. வெளிநாட்டு மாட்யூலை வாங்கி 915-ல் ஓட்டாதீர்கள்.

எங்கள் புராஜெக்டில் லீச் நெறிமுறையை மெஷின் லேர்னிங்கால் மேம்படுத்துகிறோம். தோட்டத்தில் போட முடியுமா?

லீச் 2000-ல் ஹைன்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் மூவரும் கொண்டுவந்தது. நோடுகள் குழுவாகச் சேர்ந்து, சுழற்சி முறையில் ஒருவர் தலைவராகி, மற்றவர்களின் அளவுகளைத் திரட்டி அனுப்புவார். தலைவர் வேலைக்கு மின்சாரம் அதிகம் என்பதால் எல்லோர் தலையிலும் மாறி மாறி விழும். யோசனை நல்ல யோசனை. யார் தலைவராக வேண்டும் என்பதை மிச்ச பேட்டரியைப் பார்த்துக் கற்றுச் சொல்லும் மாடல்களும் நிறைய வந்துவிட்டன.

ஆனால் லோராவில் எல்லா நோடும் நேரே கேட்வேயிடம் பேசுகிறது. தலைவரே தேவையில்லை. கம்ப்யூட்டர் திரையில் நூறு மீட்டர் சதுரத்தில் நூறு புள்ளியைத் தூவி ஓட்டுவது மதிப்பெண்ணுக்குச் சரி. மலைச்சரிவில் நோடுகள் அப்படி நிற்பதில்லை. நடுவே ஒரு பாறை நிற்கும்.

மாடலை நோடில் ஓட்டுவதா, கேட்வேயிலா?

பெரியது கேட்வேயில், சின்னது நோடில். பயிற்சி எப்போதும் வெளியே. நாளைக்கு எந்த நிலை என்று கேட்வே யோசித்து, நோடு அடுத்த முறை பேசும்போது ஓர் எண்ணைப் பதிலாகச் சொன்னால் போதும். கேட்வேயின் பதில் கிடைக்காத நாளைக்காக நோடிலும் அந்த 48 எண் சராசரி இருக்கட்டும்.

முடிவு மரத்தை நோடில் போடுவதென்றால் அதை வரிசையான "இப்படியானால், அப்படி" வரிகளாக எழுதிவிடலாம், தனி நூலகம் எதுவும் வேண்டாம். நியூரல் நெட்வொர்க்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் டென்சர்ஃப்ளோ என்ற மெஷின் லேர்னிங் நூலகத்தின் மைக்ரோகண்ட்ரோலர் வடிவம் இருக்கிறது. 32 பிட் எடைகளை (மாடலுக்குள் இருக்கும் எண்களை) 8 பிட்டாகச் சுருக்கினால் அளவு கால் பங்காகும். கணக்குப் போட ஆகும் மின்சாரத்தையும் செலவில் எழுத மறக்காதீர்கள்.

எத்தனை நாள் பதிவு இருந்தால் பயிற்சி கொடுக்கலாம்?

இரண்டு பருவமழையும் ஒரு கோடையும். அதாவது ஒரு வருடம். பிப்ரவரி, மார்ச் பதிவை மட்டும் வைத்துப் பழக்கிய மாடல் ஜூலையில் என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. அதுவரை சராசரி முறையில் ஓட்டிக்கொண்டே பதிவைச் சேருங்கள். பேனல் கொடுத்த மின்னோட்டத்தையும் சேர்த்துப் பதியுங்கள், நிறையப் பேர் மண் ஈரத்தை மட்டும் பதிந்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

கீழே சேலத்தில், மாந்தோப்பில் போட்டால்?

வெயிலுக்குப் பஞ்சமில்லை, கணிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே எதிரி சூடு. கோடை வெயிலில் மூடிய பெட்டிக்குள் வெளியே இருப்பதைவிட அதிகமாகக் காயும், லித்தியம் அயன் செல் சீக்கிரம் கிழடாகும். வெள்ளைப் பெட்டி, பேனலுக்கு அடியில் நிழல், முடிந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். ஜவ்வரிசி ஆலைக்களத்திலோ தறிக்கூடத்திலோ போடுவதென்றால் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருக்கும். பேட்டரி எதற்கு?

வோல்ட்டேஜைப் பார்த்து எத்தனை சதவீதம் மிச்சம் என்று சொல்ல முடியுமா?

தோராயமாகத்தான். லித்தியம் அயனில் நடுப்பகுதியில் வோல்ட்டேஜ் மெதுவாகத்தான் இறங்கும், லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் ஏறக்குறைய இறங்கவே இறங்காது, கடைசியில் தொபுக்கென்று விழும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் சிப் வைப்பது நம்பிக்கையான வழி. அளக்கும்போது ரேடியோ ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனல் மேல் இலை விழுந்தாலோ குரங்கு ஒயரைப் பிடுங்கினாலோ மாடலுக்குத் தெரியுமா?

தெரியும், இதுதான் எனக்கு மிகப் பிடித்த பயன். கணிப்பதற்காக ஒவ்வொரு நோடின் சோலார் வரவையும் கேட்வே வைத்திருக்கிறது அல்லவா? பனி வந்தால் ஒரு சரிவில் உள்ள எல்லா நோடுக்கும் ஒன்றாக வரவு குறையும். ஒன்றுக்கு மட்டும் குறைந்து பக்கத்தில் இருப்பவை வழக்கம்போல் இருந்தால் அது வானத்தின் வேலை இல்லை. மெல்ல மெல்லக் குறைந்தால் பாசி அல்லது தூசி, ஒரே நாளில் பாதியானால் இலை, ஒரேயடியாகச் சுழியானால் ஒயர். மேஸ்திரியின் போனுக்கு "7-ம் நம்பர் பேனலைத் துடைக்கவும்" என்று ஒரு குறுஞ்செய்தி போகும். அவர் எப்படியும் அந்தப் பக்கம் போகிறவர். நான் மலை ஏற வேண்டியதில்லை.

காட்டெருமை கம்பத்தில் முதுகு சொறிந்தால் எந்த மாடலும் ஒன்றும் செய்ய முடியாது. கம்பத்தை ஆழமாக நடுங்கள்.

பங்களாவில் கரண்ட் போய் இரண்டு நாள் கேட்வே அணைந்திருந்தது. திரும்ப வந்து பார்த்தால் நோடுகளின் பேட்டரி பாதியாகிவிட்டது. நோடுக்கும் பங்களா கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் நோடுகள் "கிடைத்தது" என்ற பதிலை எதிர்பார்த்து அனுப்புகின்றன. பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பும், அதுவும் வராவிட்டால் இன்னும் சத்தமாக, ஸ்பிரெடிங் ஃபேக்டரை ஏற்றி ஏற்றி அனுப்பும். ஆள் இல்லாத வீட்டுக் கதவை இரண்டு நாள் தட்டியிருக்கின்றன. சாதாரண அளவுகளுக்குப் பதில் கேட்பதை நிறுத்துங்கள். நாளைக்கு ஒரு செய்திக்கு மட்டும் பதில் கேளுங்கள், அது வராவிட்டால் அளவுகளை நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் முயலட்டும். கேட்வேக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வையுங்கள்.